நெய்மீன் நல்ல மீன்தான், என்ன விலைக்கு வாங்கினீர்கள்?

கேள்வி: ஆடிட்டர் சாருக்கு வணக்கம். எங்கள் ஊர் குளச்சல் பக்கம், எனக்கு வயது 26. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு, அப்பா பங்கு வைத்திருக்கும் விசைப்படகில் எஞ்சின் வேலையும் கணக்கும் பார்க்கிறேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது. கூட்டுக்காரன் ஒருவன் வெளிநாட்டுக் கணிப்புச் சந்தை ஒன்றைக் காட்டினான். ஒரு ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று 'யெஸ்', 'நோ' வாங்கி விற்கலாம். டென்னிஸ் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே பிடிக்கும். இந்த ஜூனில் புல்தரைப் போட்டிகளில் 41 ஆட்டங்களுக்குப் பணம் போட்டேன், 26 சரி. ஆனாலும் 1,62,000 ரூபாய் போய்விட்டது. அதில் 80,000 அக்காவின் சீட்டுப் பணம், 30,000 செயினை அடகு வைத்தது, மீதி என் சேமிப்பு. ஒரு ஆட்டத்தில் என் ஆள் காயத்தால் விலகினார், அதற்கும் பணம் திரும்பி வரவில்லை. நடுவில் யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தை விற்றதில் 18,500 ரூபாய் வங்கிக்கு வந்தது, மறுவாரமே கணக்கு முடங்கிவிட்டது. கத்தாரில் இருக்கும் மாமா எஞ்சின் வேலைக்கு என்று நினைத்து 1 லட்சம் தர முன்வந்திருக்கிறார். அடுத்த வாரம் விம்பிள்டன் முதல் சுற்றில் ஒரு பெரிய வீரர் ஆடுகிறார், எதிரே ஆடுபவர் தகுதிச் சுற்றில் வந்தவர். விலை 93 சென்ட். தோற்க வாய்ப்பே இல்லை. இப்படிப்பட்ட ஆட்டங்களாகப் பார்த்துப் போட்டு விட்டதை எடுக்கலாமா? இது ஷேர் மார்க்கெட் மாதிரி அறிவை வைத்துச் செய்வதுதானே, சூது இல்லையே? பத்துக்கு ஆறு சரியாகச் சொல்கிறவனுக்கு ஏன் நட்டம் வருகிறது? வீட்டில் யாருக்கும் தெரியாது. ராத்திரி தூக்கம் இல்லை. பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி, மாமாவின் பணத்தை வாங்க வேண்டாம். நீங்கள் கேட்டவற்றில் இதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஆட்டம் அடுத்த வாரம் என்கிறீர்கள், இதைப் படிப்பதற்குள் அந்தப் பணம் வந்துவிடக் கூடாதே என்று எனக்குப் பதற்றமாக இருக்கிறது. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கேள்விகளில் மிக நல்ல கேள்வி, 'பத்துக்கு ஆறு சரியாகச் சொல்கிறவனுக்கு ஏன் நட்டம்?' என்பது. என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். நீங்கள் 41 ஆட்டத்தையும் தாளில் வரிசையாக எழுதி, வாங்கிய விலையையும் பக்கத்தில் குறித்துக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள். படகுக் கணக்கு எழுதிப் பழகிய கை என்று பார்த்ததுமே தெரிந்தது. பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

ஒரு யெஸ் வாங்குகிறீர்கள். உங்கள் ஆள் ஜெயித்தால் அதற்கு 1 டாலர், தோற்றால் ஒன்றும் இல்லை. அதன் விலை 71 சென்ட் என்றால், அவர் நூற்றுக்கு 71 தடவை ஜெயிக்கக்கூடியவர் என்று சந்தை கருதுகிறது என்று பொருள். அவர் நல்ல வீரர், புல்தரையில் கெட்டிக்காரர், எதிராளிக்குத் தோளில் வலி என்பதெல்லாம் அந்த 71-க்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. ஆகவே எத்தனை தடவை சரியாகச் சொன்னீர்கள் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. என்ன விலை கொடுத்துச் சரியாகச் சொன்னீர்கள் என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் வாங்கிய விலைகளைக் கூட்டி 41-ஆல் வகுத்தேன். சராசரி 71 சென்ட் வருகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே அளவாக 100 யெஸ் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். போட்டது 2,911 டாலர். 26 ஆட்டத்தில் வந்தது 2,600 டாலர். 311 டாலர் போய்விட்டது, ரூபாயில் ஏறக்குறைய 27,000. போட்ட முதல் திரும்பி வருவதற்கே 30 ஆட்டம் சரியாகியிருக்க வேண்டும். 29 சரியாகியிருந்தால்கூட 11 டாலர் கையைக் கடித்திருக்கும். பத்துக்கு ஆறு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 71 சென்ட் கொடுத்து வாங்குகிறவருக்குப் பத்துக்கு ஏழுக்கு மேல் வேண்டும்.

இது உங்களுக்குக் கடற்கரையில் நன்றாகத் தெரிந்த விஷயம். வள்ளம் கரை சேர்ந்து ஏலம் நடக்கிறது. கூடையில் நெய்மீன் கிடக்கிறது. நெய்மீன் நல்ல மீன் என்று உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிற தரகருக்கும் தெரியும், திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏற்றுகிறவருக்கும் தெரியும். அது தெரிந்ததால் யாருக்கும் லாபம் வந்துவிடாது. சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்று கணித்து, அதற்குக் குறைவாக ஏலத்தில் எடுத்தவருக்கே லாபம். நெய்மீனை அதிக விலைக்கு எடுத்து நட்டப்பட்டவர்களும் உண்டு, சாளையை மலிவாக எடுத்துச் சம்பாதித்தவர்களும் உண்டு. நீங்கள் 41 தடவையும் நல்ல மீனைத்தான் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். விலையைத்தான் பார்க்கவில்லை.

உங்களுக்கு டென்னிஸ் தெரியாது என்று நான் சொல்லவில்லை. 41 ஆட்டம் என்பது சின்ன எண்ணிக்கை. அதில் மூன்று நான்கு இப்படியோ அப்படியோ போவது வெறும் தற்செயலாகவே நடக்கும். அதனால் 26-ஐ வைத்து உங்களை மட்டமாகவும் சொல்ல முடியாது. நாளைக்கு 33 வந்தால் அதை வைத்துப் பெருமையாகவும் சொல்ல முடியாது. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பயம். ஒரு வாரம் நன்றாக அமைந்துவிட்டால், 'இப்போது பிடிபட்டுவிட்டது' என்று தோன்றும்.

அப்புறம் புல்தரை. எனக்கும் இந்த ஆட்டம் பிடிக்கும். விம்பிள்டனில் 1960, 1961 என்று இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது நம்முடைய நாகர்கோவிலில்தான். முதல் ஆண்டு நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார், அந்தந்த ஆண்டு கோப்பையை எடுத்தவர்களும் அவர்களேதான். அதனால் இந்த ஆட்டத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பணம் போடுவதற்குப் புல்தரை மிக மோசமான இடம் என்று மட்டும் சொல்வேன். காரணம் இருக்கிறது.

விம்பிள்டனில் புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறார்கள். 2001-லிருந்து முழுக்க ரைகிராஸ் என்ற ஒரே வகைப் புல். பந்து தரையில் பட்டதும் அதிகம் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். சர்வ் போடுகிறவருக்கு இது பெரிய சாதகம். ஒரு கணக்குச் சொல்கிறேன். தன் சர்வில் நூற்றுக்கு 60 புள்ளி எடுக்கிறவர், தான் சர்வ் போடுகிற கேமை நூற்றுக்கு 74 தடவை ஜெயித்துக் காப்பாற்றுவார். 70 புள்ளி எடுக்கிறவர் 90 தடவை காப்பாற்றுவார். இரண்டு பேருமே அப்படிச் சர்வ் போடுகிறவர்களாக இருந்தால், ஒரு செட் முழுக்க யாரும் மற்றவரின் சர்வ் கேமை ஜெயித்து முறிக்க முடியாமல், சமமாக நிற்கிற செட்டை முடிக்க ஆடும் டை-பிரேக்குக்குப் போகும். அங்கே இரண்டு மூன்று புள்ளிகளில் எல்லாம் முடிந்துவிடும். 2010-இல் இஸ்னரும் மாயூவும் ஆடிய முதல் சுற்று ஆட்டம் 3 நாள்களில் 11 மணி 5 நிமிடம் நடந்தது, கடைசி செட் 70–68. 138 கேம்கள் ஆடிய அந்த ஒரு செட்டில் சர்வ் முறிந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் கடைசி கேமில்.

2019 இறுதியாட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்தாவது செட், ஃபெடரர் 8–7 முன்னிலை, அவருடைய சர்வ், 40–15. கோப்பைக்கு ஒரே ஒரு புள்ளி, அதற்கு இரண்டு வாய்ப்பு. அந்த நொடியில் இப்படி ஒரு சந்தையில் அவர் விலை எங்கே நின்றிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஜோகோவிச் அதிலிருந்து மீண்டு, டை-பிரேக்கை ஜெயித்து, செட்டை 13–12 என்று முடித்தார். ஆட்டம் முழுவதையும் கூட்டினால் ஃபெடரர் எடுத்தது 218 புள்ளி, ஜோகோவிச் எடுத்தது 204. அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்றார். யார் நன்றாக ஆடுகிறார் என்று நீங்கள் மிகச் சரியாகவே கணித்திருந்தாலும் பணம் போயிருக்கும்.

இப்போது அந்த 93-க்கு வருவோம். 'தோற்க வாய்ப்பே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தை அப்படிச் சொல்லவில்லை, நூற்றுக்கு 7 வாய்ப்பு உண்டு என்கிறது. 2012-இல் நடாலை இரண்டாம் சுற்றில் வெளியேற்றிய ரோசோல் அப்போது தரவரிசையில் 100. 2013-இல் அதே நடாலை முதல் சுற்றிலேயே தோற்கடித்த டார்சிஸ் 135-ஆம் இடத்தில் இருந்தவர். அதே வாரம் ஃபெடரரை வெளியேற்றிய ஸ்டாகோவ்ஸ்கி 116. மூன்றும் விம்பிள்டன் புல்தரைதான். இந்த மூன்று பேர் மேலும் யாரும் அன்றைக்குப் பெரிய நம்பிக்கை வைத்திருக்க மாட்டார்கள்.

சரி, ஒரு ஆட்டத்தை ஜெயித்தே விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் போட்டால் வருகிற லாபம் ஏறக்குறைய 7,500 ரூபாய். போனது 1,62,000. ஒவ்வொரு தடவையும் வந்ததை முழுவதுமாக அப்படியே அடுத்த 93-இல் போட்டுக்கொண்டே போனால், தொடர்ந்து 14 தடவை ஜெயித்த பிறகுதான் விட்ட பணம் திரும்பும். சந்தையின் விலை சரி என்றால், 14-ம் தொடர்ந்து ஜெயிக்க நூற்றுக்கு 36 வாய்ப்பு. மீதி 64-இல் நடுவில் எங்கோ ஒரு ரோசோல் வந்து மாமாவின் லட்சத்தை மொத்தமாகக் கொண்டுபோய்விடுவார். கட்டணம், யுஎஸ்டிடி வாங்கி விற்கிற இழப்பு எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. மாமா எஞ்சினுக்குத் தருகிற பணத்தை இதில் வைப்பீர்களா?

உங்கள் தாளில் இன்னொன்றும் இருக்கிறது. சமமாகப் போட்டிருந்தால் போயிருக்க வேண்டியது 27,000 என்றேன். போனது அதைப்போல ஆறு மடங்கு. மீதி எங்கே போனது என்று தேடினேன். ஒரே ஒரு மாலை நேரத்தில் மட்டும் 96,000 போயிருக்கிறது. உங்கள் ஆள் முதல் செட்டை எடுத்து, இரண்டாவதில் 5–3 என்று இருக்கும்போது 88-க்கு வாங்கியிருக்கிறீர்கள். சர்வ் முறிந்ததும் 64-க்கு இன்னும் கொஞ்சம். டை-பிரேக் போனதும் 41-க்கு அதைவிட அதிகம். மூன்றாவது செட்டில் 20-க்கு மீண்டும். பக்கத்தில் 'ஆவரேஜ்' என்று எழுதியிருக்கிறீர்கள். விலை இறங்க இறங்க மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பதற்கு ஷேர் பழக்கம் உள்ளவர்கள் சொல்கிற சொல் அது. ஒரு கம்பெனி நாளைக்கும் இருக்கும், அதன் விலை என்றைக்காவது ஏறலாம். ஒரு டென்னிஸ் ஆட்டம் அன்றைக்கு ராத்திரியே முடிந்து பூஜ்யமாகிவிடும். அங்கே ஆவரேஜ் என்று ஒன்று கிடையாது. மூழ்குகிற படகில் மேலும் மேலும் வலையை ஏற்றுகிற மாதிரிதான் அது.

அந்த மாலையில் எதிர்ப்பக்கம் இருந்தது யார் என்று யோசித்தீர்களா? நீங்கள் 64-க்கு வாங்க வேண்டுமென்றால், 64-க்கு விற்க ஒருவர் வேண்டும். ஆடுகளத்தில் ஒரு புள்ளி முடிந்ததும் நடுவர் தன் கையில் உள்ள கருவியில் அழுத்துகிறார். அந்தத் தகவலைக் காசு கொடுத்து நேரடியாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் விலையை மாற்றிவிடும். ஆடுகளத்திலேயே உட்கார்ந்துகொண்டு பந்து விழுந்த நொடியிலேயே தகவல் அனுப்புகிறவர்களும் உண்டு, 2014 ஆஸ்திரேலிய ஓபனில் இதற்காக ஒருவரைக் கைதே செய்தார்கள். உங்களுக்குக் குளச்சலில் செல்போனில் வருகிற ஒளிபரப்பு இருபது, முப்பது வினாடி பிந்தி வருவது சாதாரணம், ஜூன் மழையில் நெட் சுற்றிக்கொண்டே நிற்கிற நேரமும் உண்டு. நீங்கள் 5–3 என்று பார்த்து வாங்கும்போது அங்கே 5–4 ஆகியிருக்கலாம். உங்கள் கண்ணுக்கு மலிவாகத் தெரிந்த விலை, நடந்து முடிந்ததைப் பார்த்துவிட்ட ஒருவர் உங்களிடம் தள்ளிவிட்ட விலை. இதற்கு உங்கள் அறிவு காரணம் இல்லை, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம்தான் காரணம். அந்த இடத்தை மாற்ற உங்களால் முடியாது.

காயத்தால் விலகிய ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு செட் முடிந்திருந்தால் முடிவு செல்லும் என்று சில இடங்களில் விதி, அடுத்த சுற்றுக்கு யார் போகிறாரோ அவரே ஜெயித்தவர் என்று சில இடங்களில், பணத்தைத் திருப்பித் தருவது சில இடங்களில். அந்தத் தளத்தின் விதியில் எது எழுதியிருக்கிறதோ அதுதான். அதை எதிர்த்து இங்கிருந்து வழக்காட வழியில்லை, அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.

இது ஷேர் மார்க்கெட் மாதிரிதானே என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவாகவே பதில் சொல்கிறது. இப்படி ஆம், இல்லை என்று கருத்தை வைத்து நடக்கும் வியாபாரம் தங்கள் கட்டுப்பாட்டில் வராது, இதில் கைமாறுவது பங்குப் பத்திரமே அல்ல, முதலீட்டாளருக்கான பாதுகாப்பு எதுவும் கிடைக்காது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 ஏப்ரலிலேயே பொதுமக்களை எச்சரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடுவது திறமையாலா அதிர்ஷ்டத்தாலா என்ற வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. அதில் தண்டனை நடத்துகிறவருக்கும் விளம்பரம் செய்கிறவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவருக்கும்தான், ஆடுகிறவருக்கு இல்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டம் வேறு. 2022-இல் சட்டமன்றம் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற சட்டத்தில், இணையத்தில் பந்தயம் கட்டி ஆடுகிறவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வங்கிக் கணக்கு விஷயத்தில் நீங்கள் எழுதப்போகிற ஒவ்வொரு வரிக்கும் இது முக்கியம்.

அந்த வங்கி விஷயம்தான் இப்போது உடனே கவனிக்க வேண்டியது. நீங்கள் யுஎஸ்டிடியை முகம் தெரியாத ஒருவருக்கு விற்றீர்கள். அவர் உங்களுக்கு அனுப்பிய 18,500, வேறெங்கோ யாரையோ ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்திருக்கக்கூடும். ஏமாந்தவர் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தால், பணம் போன வழியில் இருக்கிற கணக்குகளை எல்லாம் வரிசையாக முடக்குவார்கள். உங்கள் கணக்கும் அந்த வரிசையில் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இப்படி முடங்கிய கணக்கோடு என் அலுவலகத்துக்கு வருகிற இளைஞர்கள் இப்போது கொஞ்சம் பேர் இல்லை. மார்த்தாண்டத்திலிருந்து வருகிறார்கள், கருங்கலிலிருந்து வருகிறார்கள், எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே கதை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வங்கிக் கிளைக்கு நேரில் போய், எந்த ஊர்க் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்தத் தாளோடு நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால், வக்கீல் ஒருவரின் ஆலோசனைக்கு வழி செய்வார்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வக்கீலைப் பார்க்காமல் காவல் துறைக்கு நீங்களாக எந்த விளக்கமும் எழுதி அனுப்ப வேண்டாம். பொய் மட்டும் எந்த இடத்திலும் எழுதக் கூடாது. தொகை எவ்வளவு என்று சொல்லாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. அதனால் அந்த 18,500-ஐ மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி கேட்க இடம் உண்டு. 'பத்தாயிரம் கொடுங்கள், கணக்கைத் திறந்து தருகிறேன்' என்று யாராவது போன் செய்தால் அவன் அடுத்த திருடன். யுஎஸ்டிடி இன்னும் மிச்சம் இருந்தால் வக்கீல் சொல்லும் வரை விற்காதீர்கள், அடுத்த கணக்கும் முடங்கிவிடும்.

வரியையும் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். யுஎஸ்டிடியை வருமான வரிச் சட்டம் மெய்நிகர் சொத்தாகப் பார்க்கிறது. விற்று லாபம் வந்தால் 30 சதவீதம் வரி, நட்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. உங்களுக்கு மொத்தத்தில் நட்டம் என்பதால் கணக்குக் காட்டாமல் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், ரிட்டர்ன் நேரத்தில் வேண்டும்.

இனி வீடு. 80,000 அக்காவின் பணம். அது போனது அக்காவுக்குத் தெரியாத ஒவ்வொரு நாளும், அவருடைய சீட்டுப் பணத்தை வைத்து அவர் ஏதோ ஒரு திட்டம் போட்டுக்கொண்டிருப்பார். அவருக்குச் சொல்லுங்கள். கணக்கு முடங்கிய விஷயம் எப்படியும் வெளியே வரும், வேறு யாரோ சொல்லித் தெரிவதை விட நீங்கள் சொல்லித் தெரிவது நல்லது. முதலில் திட்டுவார். அழுவார் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் என் மேசைக்கு எதிரே இப்படி உட்கார்ந்த எத்தனையோ குடும்பங்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், பணம் போனதைவிட மறைத்ததைத்தான் அக்காமார்களால் பொறுக்க முடிவதில்லை. மறைப்பதை இன்றைக்கே நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. மாமாவிடமும் எஞ்சினுக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தை அக்காவிடம் பேசிய பிறகு சொன்னால் போதும்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி படகு கடலுக்குப் போகும், கையில் காசு வரத் தொடங்கும். அடகு வைத்த செயினுக்கு வட்டியை மட்டுமாவது தவணை தவறாமல் கட்டுங்கள், ஏலத்துக்குப் போய்விட்டால் 30,000-க்கு மேல் மதிப்புள்ள நகை போய்விடும். அக்காவுக்கு மாதம் 5,000 என்றால் 16 மாதம். சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் அவர் கையில் கொடுத்தால் அந்த 16 மாதத்தில் பணத்தோடு வேறொன்றும் அவருக்குத் திரும்பி வரும். அவசரப்பட்டு மீட்டர் வட்டிக்காரர் யாரிடமும் போய்விடாதீர்கள்.

போனில் அந்தத் தளத்தின் கணக்கை மூடுங்கள், ஆப்பை மட்டும் அழித்தால் போதாது. யுபிஐ நாள் வரம்பை 1,000 அல்லது 2,000 ரூபாய்க்குக் குறைத்துக்கொள்ளலாம், பெரும்பாலான வங்கி ஆப்களில் அதற்கு வசதி இருக்கிறது. தடைக்காலத்தில் மாலையில் ஆட்டம் தொடங்கும்போது சும்மா இருக்கிற கைதான் போனைத் தேடுகிறது என்று உங்கள் தாளில் உள்ள நேரங்களைப் பார்த்தாலே தெரிகிறது. எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற வேலையை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை அப்பாவோடு சேர்ந்து டிவியில் பாருங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு.

தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், டெலி மானஸ் என்று பெயர், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. நேரில் என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று ராத்திரி முழுக்க மனம் சுற்றிக்கொண்டே இருப்பதும் ஒரு நோய்தான், அதற்கு மருந்தும் பேச்சும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால், விடியும் வரை காத்திருக்காமல் அந்த நொடியே அக்காவை எழுப்புங்கள். 1,62,000 ரூபாய் நீங்கள் மூன்று நான்கு வருடத்தில் சம்பாதித்து அடைக்கக்கூடிய தொகை.

வங்கியில் எழுத்தில் வாங்குகிற தாளோடும், இந்த 41 ஆட்டத் தாளின் அசலோடும், வருகிற சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் நாகர்கோவில் அலுவலகத்துக்கு வாருங்கள். கட்டணம் எதுவும் வேண்டாம். அதற்குள் அக்காவிடம் பேசியிருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், 16 மாதக் கணக்கை மூன்று பேருமாக உட்கார்ந்து எழுதிவிடலாம்.